ஆலயத்துக்கு வரும் பேராசிரியரிடம் என்ன கேட்பது?

சனிக்கிழமை மாலை ஆலயத்தில் கூட்டம் என்றால் நம் பக்கத்தில் எப்படி இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். வாசலில் பிளக்ஸ் கட்டியிருப்பார்கள். அதில் 'இறையியல் கருத்தரங்கு' என்று பெரிய எழுத்தில் இருக்கும். சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ பெங்களூருவிலிருந்தோ ஒரு பேராசிரியர் வந்து சேர்வார். சனிக்கிழமை மாலை ஒரு பேச்சு, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இன்னொரு பேச்சு, மத்தியானம் சாப்பாடு. அதன் பிறகு அவரைத் திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ பஸ் ஏற்றி விடுவார்கள்.

முன்வரிசையில் சபைப் பெரியவர்கள் இருப்பார்கள். நூறு நாள் வேலைக்கும் நடவுக்கும் போய் வந்த பெண்கள் நடுவில் உட்காருவார்கள். கடைசி வரிசையில் கல்லூரி படிக்கும் பிள்ளைகள், பாதிக் கண் செல்போனில். பேச்சு முடிந்ததும் பேராசிரியர், "கேள்வி ஏதாவது உண்டா?" என்பார். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அதற்குள் டீ வந்துவிடும்.

அந்த மௌனத்தைப் பற்றித்தான் இன்றைய பத்தி. கேட்பதற்குக் கேள்வி இல்லாததால் வரும் மௌனம் அல்ல அது. தன் வீட்டுக் கவலைக்கும் 'இறையியல்' என்ற பெரிய சொல்லுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

இறையியல் என்றால் வேறொன்றுமில்லை, கடவுளைப் பற்றி யோசிப்பது. ஆனால் யோசிக்கிறவர் எங்கே உட்கார்ந்து யோசிக்கிறார் என்பதைப் பொறுத்து யோசனை மாறும். மாடிவீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தால் தெரிகிற கடவுள் ஒருவர், ஏரிக்கரை ஓரத்துக் குடிசையிலிருந்து பார்த்தால் தெரிகிறவர் வேறொருவர்.

இதைக் கல்லூரிக்குள்ளேயே போய்ச் சொன்னவர் அரவிந்த் பி. நிர்மல். 1981-ல் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் அவர் ஆற்றிய உரைதான் பின்னாளில் 'தலித் இறையியல்' என்று பெயர் பெற்ற சிந்தனையின் தொடக்கம் என்று எல்லாரும் குறிப்பிடுகிறார்கள். அன்று அவர் வைத்த பெயர் 'சூத்திர இறையியல்'. தலித் என்ற சொல் பிறகுதான் வந்தது. அவர் கேட்ட கேள்வி எளிமையானது. இந்தியக் கிறிஸ்தவச் சிந்தனை என்று அதுவரை பாடத்தில் வைத்திருந்ததெல்லாம் வேதாந்தத்தோடும் பக்தி மரபோடும் கிறிஸ்துவை ஒப்பிட்டுப் பார்த்த மேல்சாதிப் பின்னணி அறிஞர்களின் எழுத்து. சபையில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் சேரியிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய வாழ்க்கை அந்தப் புத்தகங்களில் எங்கே?

நிர்மல் வேதாகமத்தை வாசித்த முறை நம் மாணவர்களுக்குப் பிடிக்கும். எருசலேம் ஆலயத்தில் இயேசு காசுக்காரர்களின் மேசைகளைக் கவிழ்த்த கதையை எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருப்போம். ஆலயத்தில் வியாபாரம் கூடாது என்று சொல்லி முடித்துவிடுவார்கள். நிர்மல் இன்னொன்றைக் கவனித்தார். அந்த ஆலயத்தில் யூதரல்லாத புறசாதியாருக்கு என்று ஒதுக்கியிருந்த இடம் வெளிப்பிராகாரம் மட்டும். கடை போட்டதும் அங்கேதான். ஆக, வெளியாட்கள் நின்று கும்பிட இருந்த ஒரே இடத்தையும் பிடுங்கிக்கொண்டார்கள். அதை மீட்டுக் கொடுத்ததுதான் அன்றைய சம்பவம் என்றார் நிர்மல். நம் ஊரில் கோயில் நுழைவுக்காக நடந்த போராட்டங்களின் பக்கத்தில் வைத்து அதை வாசிக்கச் சொன்னார்.

சென்னை குருகுல் இறையியல் கல்லூரியில் தலித் இறையியலுக்கென்று தனித்துறை வந்தது. அங்கே பேராசிரியராக இருந்து பிறகு சென்னைப் பேராயரான வ. தேவசகாயம், 1990-களின் தொடக்கத்தில் தலித் பார்வையில் எழுதிய வேத ஆராய்ச்சி நூலுக்கு ஆங்கிலத்தில் வைத்த தலைப்பு, 'பாளையத்துக்கு வெளியே' என்று பொருள்படும். தீட்டு என்று சொல்லி மனிதரைப் பாளையத்துக்கு வெளியே நிறுத்தும் விதி பழைய ஏற்பாட்டில் உண்டு. இயேசு இறந்ததும் நகர வாசலுக்கு வெளியேதான் என்று புதிய ஏற்பாடு சொல்கிறது. ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம் என்று வளர்ந்த நமக்கு இதற்கு விளக்கவுரை தேவையா? பஸ் நிற்கும் இடமும் தேர் திரும்பும் இடமும் காட்டிக் கொடுத்துவிடுமே.

பறையும் உலையும்

மதுரை அரசரடியில் 1969-ல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி, தமிழிலேயே இறையியல் கற்பிப்பதற்குப் பேர்போனது. மாணவர்கள் வளாகத்தை விட்டு வெளியேறி எளிய மக்கள் குடியிருப்புகளில் தங்கிப் படிக்கும் முறையும் அங்கே உண்டு. அங்கே ஆசிரியராக இருந்தவர் ஜெ. தியோபிலஸ் அப்பாவு. மாணவர்கள் அவரை அழைத்தது 'பரட்டை அண்ணன்' என்று. 2005-ல் மறைந்தார்.

கீர்த்தனையும் ஆங்கில ராகமும் மட்டுமே ஆலயத்துக்கு உகந்தவை என்று நினைத்திருந்த காலத்தில், அவர் கிராமியப் பாட்டையும் பறையையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தார். சாவுக்கு அடிக்கிற மேளம் ஆலயத்துக்குள் எதற்கு என்று அப்போது முகம் சுளித்தவர்கள் உண்டு. இன்றும் உண்டு. கடவுளை 'பெத்தவரே' என்று கூப்பிடச் சொன்னார். அப்பா என்றும் அம்மா என்றும் ஒரே சொல்லில் அழைக்க நம் பேச்சுத் தமிழில் இதைவிட நல்ல சொல் கிடைக்காது.

அவருடைய போதனையில் இந்தப் பத்திக்கு முக்கியமானது 'ஒரே உலை'. நம் ஊரில் ஒரு குடும்பம் எது என்று எப்படிக் கணக்கிடுகிறோம்? ஒரே உலையில் பொங்குகிறவர்கள் ஒரு குடும்பம். அண்ணன் தம்பி தனி உலை வைத்துவிட்டால் பாகம் பிரிந்தாயிற்று என்று அர்த்தம். அப்படியானால் திருவிருந்து என்பது சின்ன அப்பத்துண்டும் ஒரு மிடறு ரசமும் மட்டுமல்ல, சாதி பார்க்காமல் ஒரே உலையில் பொங்கி எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுவது என்றார் அப்பாவு.

பறையைப் பற்றி சத்தியநாதன் கிளார்க் தனிப் புத்தகமே எழுதினார். 1998-ல் வெளிவந்தது. நமக்குப் பக்கத்து மாவட்டமான செங்கல்பட்டின் சேரி மக்களுடைய வாழ்க்கையிலிருந்து பிறந்தது அது. எல்லையம்மனையும் பறையையும் வைத்து, எழுதப் படிக்க விடாமல் தடுக்கப்பட்ட மக்கள் தங்கள் சிந்தனையை மேளத்தில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள் என்று அவர் வாதிட்டார். கையெழுத்துப் போடத் தெரியாத நம் பாட்டன்மாரும் இறையியலாளர்கள்தான் என்பதற்கு இதைவிட என்ன சொல்ல வேண்டும்?

நம் மண்ணில் நடந்த சண்டை

பெங்களூரு, மதுரை என்று சொன்னால் வெளியூர்க் கதை போலத் தோன்றும். விழுப்புரத்திலிருந்து கடலூர் போகும் ரயிலில் பண்ருட்டிக்கு அடுத்து மேல்பட்டாம்பாக்கம் வரும். இந்தச் சர்ச்சைக்கு அந்தச் சிற்றூரில் நூற்றைம்பது ஆண்டுக்கு மேற்பட்ட வேர் இருக்கிறது.

கார்ல் ஆக்ஸ் என்ற ஜெர்மானியர் லைப்சிக் மிஷனில் வேலை பார்த்தவர். அந்த மிஷனின் இயக்குநர் கார்ல் கிரவுல், சாதி ஒரு சமூக வழக்கம், மெல்ல மெல்லத்தான் மாறும், திருச்சபை அதில் அவசரப்படக் கூடாது என்ற கருத்துடையவர். ஆக்ஸ் இதை ஏற்கவில்லை. சாதியை விட்டுவிட்டுத்தான் சபைக்குள் வரவேண்டும் என்றார். சண்டை முற்றி மிஷனை விட்டு வெளியேறி, 1860-களின் தொடக்கத்தில் மேல்பட்டாம்பாக்கத்தில் தனியாக வேலை தொடங்கினார். பிறகு டேனிஷ் மிஷனோடு இணைந்தார். அந்த மிஷன் வேலையிலிருந்து வளர்ந்ததுதான் இன்று திருக்கோவிலூர், பண்ருட்டி, கடலூர், விழுப்புரம் பகுதி மக்கள் அறிந்த ஆற்காடு லுத்தரன் திருச்சபை.

அதாவது, நம் பகுதித் திருச்சபைகளில் ஒன்று சாதி விஷயத்தில் ஏற்பட்ட பிளவிலிருந்து பிறந்திருக்கிறது. எத்தனை ஞாயிறு பள்ளியில் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள்? அதற்கு முன்பே 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதியை உடனே ஒழிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். அந்தக் காலத்து மிஷனரிகள் சிலர், சபை ஊழியத்துக்கு வருகிறவர் சாதியை விட்டாரா என்பதை அறிய எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடச் சொன்னார்கள். அப்பாவுவின் உலை அப்போதே அடுப்பில் ஏறியிருக்கிறது.

திண்டிவனத்துக்காரர்களுக்கு இன்னொரு கதை தெரிந்திருக்கும். ஆற்காடு மிஷன் மருத்துவரான தந்தையோடு இங்கே தங்கியிருந்த இளம்பெண் ஐடா ஸ்கட்டர். ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் மனைவியைக் காப்பாற்ற வரச் சொன்னார்கள். ஆண் மருத்துவர் வருவதற்கு ஒப்பவில்லை. மூன்று பெண்களும் இறந்தார்கள். அதனால்தான் ஐடா மருத்துவம் படித்தார், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை பிறந்தது. நெகிழ வைக்கிற கதை, உண்மைக் கதை. ஆனால் கதவைத் தட்டிய மூவரும் ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு உயர்சாதி இந்து. சேரியிலும் அப்போது பிரசவங்கள் நடந்திருக்கும், பெண்கள் இறந்திருப்பார்கள். அவர்கள் வீட்டு ஆண்கள் இரவில் அந்தக் கதவுவரை வந்து தட்ட முடிந்திருக்குமா என்று ஒரு மாணவி கேட்டால், அதுவும் நல்ல இறையியல் கேள்விதான்.

எறையூர்

சொல்லாமல் விட முடியாத பெயர் எறையூர். உளுந்தூர்பேட்டை வட்டத்தில் இருக்கிறது. அப்போது விழுப்புரம் மாவட்டம், இப்போது கள்ளக்குறிச்சி. பெரிய கத்தோலிக்க ஆலயம் உள்ள ஊர். ஆலயத்தில் உட்காரும் இடம், கல்லறை, சவ ஊர்வலம் போகும் வழி எல்லாவற்றிலும் பாகுபாடு காட்டுகிறார்கள் என்று தலித் கிறிஸ்தவர்கள் நெடுங்காலம் புகார் சொல்லி வந்தார்கள். அது தீராதபோது தங்கள் சகாயமாதா ஆலயத்தைத் தனிப் பங்காக அறிவிக்கக் கேட்டுப் போராடினார்கள். 2008 மார்ச் 9-ஆம் தேதி தலித் மக்களின் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறிஸ்தவர்கள் இருவர் உயிரிழந்தனர்.

இரண்டு பக்கத்துக் கையிலும் அதே ஜெபமாலைதான் இருந்தது. இறந்த இருவரின் வீட்டாருக்கும் எரிந்த மனத்தோடு நின்ற தலித் குடும்பங்களுக்கும் திருச்சபை சொல்லக்கூடிய ஆறுதல் எது? இதற்குப் பதில் தேடுவதுதான் நம் மாவட்டத்து இறையியல்.

மேலிடம் பேசாமல் இல்லை. எறையூர் சம்பவத்துக்கு முன்பே, 2003 நவம்பரில் தமிழக ஆயர்களைச் சந்தித்தபோது போப் இரண்டாம் ஜான் பால், சபைக்குள் சாதிப் பாகுபாட்டின் சாயல்கூட இருக்கக் கூடாது என்ற கருத்தில் கண்டித்துப் பேசினார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. நாட்டின் 1.9 கோடி கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித் மக்கள் என்று அதில் அவர்களே கணக்குக் காட்டி, சபைக்குள் தீண்டாமை இருப்பதையும் ஒப்புக்கொண்டார்கள். அந்தக் கொள்கை நம் ஊர் ஆலய அறிவிப்புப் பலகைக்கு வந்து சேர்ந்ததா என்பதுதான் பாக்கி.

செருப்புத் தைக்கும் சூசை

கடைசி வரிசை மாணவர்களுக்கு உடனே புரியக்கூடிய வழக்கு ஒன்று. சூசை என்பவர் சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்தவர். ஆதிதிராவிட சமூகத்தில் பிறந்து கிறிஸ்தவரானவர். சாலையோரம் செருப்புத் தைக்கும் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பங்க் கடை கொடுத்தது. பக்கத்தில் அதே தொழில் செய்த இந்து ஆதிதிராவிடருக்குக் கிடைத்தது, சூசைக்குக் கிடைக்கவில்லை. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பிறகும் அதே கடுமையோடு சாதிக்கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் காட்டவில்லை என்று மனு தள்ளுபடியானது.

அந்தத் தீர்ப்புக்கு அடிப்படை 1950 ஆகஸ்ட் 10-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை. அதன் மூன்றாவது பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது. 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் அது திருத்தப்பட்டது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் இல்லை. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-ல் அந்தப் பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இதை ஆராய ஆணையம் அமைத்தார்கள். 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் திருத்தம் கோரித் தீர்மானம் போட்டது.

நம் தெருவில் இதன் பொருள் என்ன? பெரியப்பா மகனுக்கு எஸ்.சி. சான்றிதழ், சித்தப்பா மகனுக்குத் தமிழ்நாட்டில் பி.சி. சான்றிதழ். ஒரே தெரு, ஒரே சுடுகாட்டுப் பிரச்சினை. ஆனால் ஊரார் அடித்தால் ஒருவருக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் துணை நிற்கும், இன்னொருவருக்கு நிற்காது. (மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: மாநில ஆதிதிராவிடர் நலத்துறையின் கல்வி உதவித்தொகைத் திட்டங்களில் கிறிஸ்தவ மதம் மாறிய ஆதிதிராவிடருக்கும் இடம் உண்டு. பி.சி. என்று இருக்கிறதே என்று விண்ணப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள். கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள்.)

இந்த வழக்கில் சபைத் தலைவர்களுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. நீதிமன்றத்திலும் ஆணையத்தின் முன்னாலும் போய், "சபைக்குள்ளும் சாதி இருக்கிறது, அதனால் சலுகை கொடுங்கள்" என்று சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பீடத்தில் ஏறினால், "கிறிஸ்துவுக்குள் சாதி இல்லை" என்று சொல்ல வேண்டும். கோர்ட்டில் ஒரு பேச்சு, பீடத்தில் ஒரு பேச்சு. நீதிபதி கேட்ட ஆதாரத்தைச் சூசையால் தனியாகக் காட்ட முடியவில்லை. கல்லறைச் சுவரையும் சவ ஊர்வல வழியையும் அறிந்த திருச்சபை நினைத்தால் மலையளவு ஆதாரம் காட்டலாம். காட்டினால் அது தன்மேலேயே குற்றச்சாட்டாகத் திரும்பும் என்ற பயம் தடுக்கிறது.

வாரக் கடைசிக் கூட்டங்கள் முக்கியம் என்று நான் நினைப்பது இதனால்தான். உள்ளூர்ப் போதகருக்கோ பங்குத்தந்தைக்கோ எல்லாவற்றையும் வெளிப்படையாகப் பேசுவது கடினம். திங்கட்கிழமையும் அதே சபைக் கமிட்டியின் முகத்தில் விழிக்க வேண்டும். வெளியூர்ப் பேராசிரியருக்கு அந்தக் கட்டு இல்லை. அவர் பேசலாம். நாமும் அவரிடம் கேட்கலாம்.

ஆனால் எங்கே பேசுகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். தலித் இறையியல் பேசுகிறவரைக் காலனி ஆலயத்துக்கே திரும்பத் திரும்ப அழைக்கிறோம். சாதியின் வலி என்ன என்று அங்கே இருப்பவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஊர்த்தெரு ஆலயத்தில், கலப்புச் சபையில், கமிட்டித் தேர்தலில் சாதி பார்த்து ஓட்டுப் போடுகிற இடத்தில் அவர் பேச வேண்டும். நவம்பர் இரண்டாம் ஞாயிறு 'தலித் விடுதலை ஞாயிறு' என்று கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து அனுசரிக்கிறார்கள். அந்த வாரத்துக்காவது ஊர்த்தெரு ஆலயத்தில் ஒரு கூட்டம் வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இறையியல் அறிஞர்கள் மேலும் குறை இல்லாமல் இல்லை. முப்பது நாற்பது ஆண்டு எழுத்தில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் கிடக்கிறது. தலித் பெண்களின் குரல் அதில் தாமதமாகத்தான் கேட்டது. கன்னியர் மடத்திலிருந்து வெளியே வந்து பாமா எழுதிய 'கருக்கு' 1992-ல் வெளிவந்தது. திருச்சபைக்குள் ஒரு தலித் பெண் படும் பாட்டை எந்த இறையியல் நூலைவிடவும் நேராகச் சொன்னது அந்தச் சின்னப் புத்தகம். கூட்டத்துக்குப் போகும் மாணவிகள் முடிந்தால் அதைப் படித்துவிட்டுப் போங்கள்.

கேள்வியை வீட்டிலேயே ஒரு துண்டுத்தாளில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள், எழுந்து நிற்கும்போது மறக்காது. கமிட்டியில் நம் தெருவிலிருந்து எத்தனை பேர், திருவிழாத் தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது, ஏன், சபையின் பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் வேலைக்கு யாரை எடுக்கிறார்கள், கல்லறையில் நடுவே சுவர் இருக்கிறதா என்பதையெல்லாம் கேட்கலாம். வயதான அம்மா ஒருவர் எழுந்து, நான் செத்தால் என்னை எந்த வழியாகத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று கேட்டால், அதைவிடப் பெரிய இறையியல் கேள்வி அன்று வராது.

ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டையும் கவனியுங்கள். எந்தத் தெருப் பெண்கள் சமைத்தார்கள், பேராசிரியருக்குத் தனி அறையில் இலை போட்டார்களா, பந்தியிலேயே உட்கார வைத்தார்களா, ஊர்த்தெரு விருந்தாளிகள் கைநனைத்தார்களா, அவசர வேலை என்று சொல்லி முன்னாலேயே கிளம்பிவிட்டார்களா. கேள்வி நீண்டு, பேராசிரியர் பஸ்ஸைத் தவறவிட்டால் பரவாயில்லை. திண்டிவனத்திலிருந்து சென்னைக்கு இராத்திரியிலும் பஸ் உண்டு.